நைட் ஷிப்ட் வாரத்து மாத்திரைகள்

"உனக்கே இன்னும் கல்யாணம் ஆவல. நீ இன்னாம்மா எங்களுக்குச் சொல்லிக் குடுக்கப்போற?"

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் அது. கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில், ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே வரும் பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பற்றி விளக்கிச் சொல்வதுதான் என் வேலை. பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்டவர், மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு மாமியார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். விரித்துப் பிடித்திருந்த சார்ட்டுக்குப் பின்னால் என் முகம் சூடானது.

மருந்து அறையிலிருந்து சிஸ்டர் தலையை நீட்டினார். "ஏம்மா, போன மாசம் டாக்டரம்மா உனக்கு சுகர் மாத்திரை எழுதிக் குடுத்தாங்களே, அவங்களுக்கு சுகரா கீது?"

இப்போது சிரிப்பு மாமியார் பக்கம் திரும்பியது. "வாயப் பாரு இதுக்கு" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். சிஸ்டர் எனக்காகப் பேசியது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதிலை நான் சொல்லியிருக்க வேண்டும் என்ற கோபம் வீடு போய்ச் சேரும்வரை அடங்கவில்லை.

எனக்கு ஊர் எளாவூர் பக்கம். நைனாவுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் நிலம். நைனாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். உரக்கடை பில், பாஸ்புக், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்தே என் கைக்குத்தான் வரும். பி.ஏ. முடித்து, ஆலோசகர் பயிற்சியும் முடித்து, இந்த வேலையை யாருடைய சிபாரிசும் இல்லாமல் வாங்கினேன். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு, மறைக்க மாட்டேன். நைனாவுக்கும் பெருமைதான். "பொண்ணு ஆஸ்பத்திரில உத்யோகம்" என்று எல்லாரிடமும் சொல்வார். என்ன உத்யோகம் என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

நான் விரித்துப் பிடித்திருந்த சார்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வந்திருந்த அச்சடித்த சார்ட்டில் எழுத்து அதிகம், அதுவும் பொடி எழுத்து. எங்களிடம் வருகிற பெண்களில் சிலருக்குப் படிக்க வராது. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்களுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும். அதனால் நானே ஒன்று செய்தேன். வெள்ளை சார்ட் பேப்பரில் ஒரு மாத்திரை அட்டையைப் பெரிதாக வரைந்தேன். இருபத்தெட்டு வட்டங்கள். அட்டைக்கு மேலே மஞ்சள் ஜிகினாத் தாளில் ஒரு பிறை நிலாவை வெட்டி ஒட்டினேன். தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் ஒன்று போட வேண்டும் என்பது அதன் அர்த்தம். எழுத்தே வேண்டாம், யார் பார்த்தாலும் புரிந்துவிடும். டாக்டரம்மாவே நின்று பார்த்து, "நல்லா கீதே" என்றார்.

அன்று அந்த மாமியாருடன் வந்திருந்த மருமகளுக்கு இருபத்திரண்டு வயது. மடியில் எட்டு மாதக் கைக்குழந்தை. மூத்ததுக்கு இரண்டு வயது, பெஞ்சுக்கு அடியில் புகுந்து எல்லார் செருப்பையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பிரசவமும் ஆபரேஷன். டாக்டரம்மா அவளிடம் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்: "இன்னும் மூணு வருஷத்துக்கு வயித்துல எதுவும் வரக்கூடாது. வந்தா உள்ள போட்ட தையல் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. உயிர் சமாசாரம்."

நான் ஒவ்வொரு முறையாக விளக்கினேன். காப்பர் டி என்றதுமே மாமியார் குறுக்கே வந்தார். "அது மட்டும் வாணாம். எங்க பக்கத்து ஊட்டுக்காரிக்கு நெஞ்சுக்கு ஏறிடுச்சாம்." கருப்பை ஒரு பை, அங்கிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது என்று படம் போட்டுக் காட்டினேன். "படத்துல இல்லாம இருக்கும்" என்றார். ஊசி என்றால் மருமகளுக்கே பயம். கடைசியில் மாத்திரை என்று முடிவானது. மூன்று மாதத்துக்கு மூன்று அட்டை கொடுத்தேன்.

"இப்ப நீ எனக்குச் சொல்லிக் காட்டு பாக்கலாம்" என்றேன். அப்படித் திருப்பிக் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"தெனம் ஒண்ணுக்கா. முடிஞ்சா அடுத்த அட்டை. நடுவுல விடக்கூடாது."

"எப்போ?"

அவள் சிரித்துக்கொண்டே விரலால் நிலாவைத் தொட்டாள். நான் ரிஜிஸ்டரில் அவள் வரிக்கு எதிரே 'புரிந்துகொண்டார்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

மூன்று மாதம் போனது. ஒரு புதன்கிழமை அவள் கைக்குழந்தையோடு தனியாக வந்தாள். நான் மூன்று அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டு போதும்க்கா. முன்ன குடுத்ததுலயே மிச்சம் கீது." பர்ஸிலிருந்து அட்டைகளை எடுத்துக் காட்டினாள். வீட்டுச் சாமானை மிச்சம் பிடித்த பெண்ணின் முகம் அவளுக்கு.

அட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நடுவில் ஆறு மாத்திரைகள் வரிசையாக அப்படியே இருந்தன. மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

"இந்த ஆறும் ஏம்மா போடல?"

"அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட்டுக்கா."

அவள் வீட்டுக்காரர் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில் வேலை. காலை, மதியம், நைட், ஜெனரல் என்று நான்கு ஷிப்ட், வாரத்துக்கு வாரம் மாறும்.

"நைட் ஷிப்ட்டுன்னா?"

"நைட்ல அவரு ஊட்லயே இல்லியே. எதுக்கு வீணா போட்டுக்கினு?"

பெஞ்சில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நான் குரலைத் தாழ்த்தினேன். "சரி, பகல்ல அவரு ஊட்லதானே?"

அவள் குழந்தையின் சட்டைப் பட்டனைத் திருகினாள். "பகல்ல இருப்பாரு. அத்தை பெரியவனைத் தூக்கிக்கினு மார்க்கெட்டுக்குப் போயிடுவாங்க." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"அப்போ பகல்ல போட்டிருக்கலாமே?"

"பகல்ல எப்டிக்கா? நீங்கதான் நெலா ஒட்டி வெச்சிருக்கீங்களே."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும், அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது.

"நாள் எப்ப வரணும்?"

"நாலு நாள் தள்ளிப்போயிருக்குதுக்கா" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. குழந்தையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தையலு..." என்றாள்.

சிஸ்டர் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார். ஒரு கோடுதான் விழுந்தது, அதாவது கர்ப்பம் இல்லை. ஆனால் டாக்டரம்மா, "இவ்ளோ சீக்கிரம் பாத்தா தெரியாமயும் போகலாம். அடுத்த புதன் மறுபடி பாக்கணும். அது வரைக்கும் ஆணுறை இல்லாம கூடாது" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். மூன்று அட்டையும் மேஜைமேலேயே கிடந்தன.

எல்லாரும் போன பிறகு சார்ட்டைச் சுவரிலிருந்து கழற்றினேன். நிலாவை உரிக்கப் பார்த்தேன், நன்றாக ஒட்டியிருந்தேன் போல, காகிதம் கிழிந்தது. அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன். கணவன் ராத்திரி வீட்டில் இல்லாத வாரத்தில் ராத்திரி மாத்திரை எதற்கு? யோசித்துத்தான் செய்திருக்கிறாள். மாத்திரை அன்றன்றைக்கு மட்டும் காப்பாற்றும் பொருள் கிடையாது, தினமும் விடாமல் போட்டால்தான் மொத்தமாக வேலை செய்யும் என்பதை நான் சொல்லவே இல்லை. 'நடுவில் விடக்கூடாது' என்றேன். ஏன் கூடாது என்று சொல்லவில்லை. சுற்றிலும் கம்பெனிகள் இருக்கிற ஊரில் வேலைக்கு உட்கார்ந்துகொண்டு, உன் வீட்டுக்காரர் எந்த ஷிப்ட் என்று ஒருத்தியிடமும் நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நைனாவுக்கு இருட்டினால் ராத்திரி. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் முதல் வேலையாக அதைக் கேட்டேன். மாத்திரை போடுகிறவர்களில் மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நைட் ஷிப்ட் வாரம் எங்களுக்கு லீவுக்கா" என்றாள் ஒருத்தி.

"உனக்கு லீவு, மாத்திரைக்குமா லீவு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள், தானும் அதே மாதிரி விட்டவள்தான்.

நான் ரிஜிஸ்டரை எடுத்து, ஸ்கேல் வைத்து, வயதுக்கும் குழந்தைகள் எண்ணிக்கைக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தேன். மேலே 'ஷிப்ட்' என்று எழுதினேன். சிஸ்டர் பார்த்துவிட்டு, "டிரஸ்ட் ஆபீஸ்லருந்து வந்தா இது இன்னா புதுக் கட்டம்னு கேப்பாங்க, பேஜாரு" என்றார்.

"கேக்கட்டும் சிஸ்டர். சொல்றேன்."

அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. மதியம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, ரிஜிஸ்டரில் இருந்த விலாசத்தைத் தேடிப் போனேன். லைன் வீடுகள், ஒரே சுவரில் ஒட்டிய ஏழு கதவுகள். ஐந்தாவது கதவில் மாமியார் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்தார்.

"கத்தாத. என் புள்ள தூங்கிக்கினு கீறான்."

காலை பதினொரு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஜன்னலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்து, அதன்மேல் போர்வை தொங்கவிட்டிருந்தார்கள். ஃபேன் சத்தம். தரையில் ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார். மூத்த குழந்தை கூடச் சத்தமில்லாமல் ஒரு டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பகலை ராத்திரியாக்கி வைத்திருந்தார்கள். இதை மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருமுறை வந்து பார்த்திருந்தால் நான் அந்த நிலாவை ஒட்டியிருக்க மாட்டேன்.

மாமியார் கீரையைக் கீழே வைத்தார். குரல் தாழ்ந்திருந்தது, காரம் குறையவில்லை. "உன் பேச்சக் கேட்டுத்தானே இப்டி ஆச்சு? ஒரு வாரமா அவ சோறு துண்ணல. மூணாவது ஒண்ணு தங்கிச்சின்னா உசிருக்கு யாரு பொறுப்பு? இதுக்குத்தான் அன்னிக்கே கேட்டேன், கல்யாணம் ஆவாத பொண்ணு இன்னா சொல்லிக் குடுக்கும்னு."

வரும் வழியெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தேன். உங்கள் மருமகள் சரியாகத்தான் சொல்லிக் காட்டினாள், ரிஜிஸ்டரில் இருக்கிறது, டிக் அடித்திருக்கிறேன் என்றெல்லாம். அந்த இருட்டு அறையைப் பார்த்த பிறகு அது எதுவும் வாயில் வரவில்லை.

"தப்பு என்னோடதும்மா" என்றேன். "உங்க பையன் ஷிப்ட்டை நான் கேட்டிருக்கணும். கேக்கல. உங்க மருமக மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. முறத்தைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

மருமகள் பின்பக்கத்திலிருந்து ஈரக் கையோடு வந்தாள். புதன்கிழமை ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. "இருக்குதுன்னு சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு பயந்துட்டேன்க்கா" என்று அவளே சொன்னாள். பட்டையை அவளிடம் கொடுத்தேன். பாத்ரூம் லைனின் கடைசியில். அவள் போய்விட்டு வரும்வரை நானும் மாமியாரும் கீரை உருவினோம். நான் காம்பையும் சேர்த்து உருவியதை அவர் கவனித்து, காம்பை மட்டும் பொறுக்கி எறிந்தார்.

அவள் பட்டையை ஒரு டம்ளர் மூடியில் வைத்து எடுத்துவந்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். முதல் கோடு விழுந்தது. காத்திருந்தோம். ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தது, நான் பத்து நிமிடம் பார்த்தேன். ஒரே கோடுதான்.

"இல்லம்மா" என்றேன். அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

உள்ளே, தரையில் படுத்திருந்தவர் முகத்திலிருந்து போர்வை விலகியது. அவள் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. எவ்வளவு நேரமாக விழித்துக்கொண்டிருந்தாரோ.

"இன்னா ரகசியம் பேசறீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டேன். தலையாட்டினாள். முதலிலிருந்து சொன்னேன்: தையல், மாத்திரை, விட்டுப்போன ஆறு, தள்ளிப்போன நாள். அவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு கேட்டார். மாத்திரை போடுகிறாள் என்றுதான் அவருக்குத் தெரியும், எப்படிப் போட வேண்டும் என்று தெரியாது.

"அதை ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல? தெரிஞ்சா நான் கேட்டிருப்பேன்ல, இன்னிக்கு மாத்திரை போட்டியான்னு?"

"நீ கேப்பியா?" என்றார் அவர் அம்மா. "இவ புள்ள பெத்த அன்னிக்கே மத்தியானம் மூணு மணிக்குத்தான் வந்து பாத்த."

"ஷிப்ட்டும்மா!"

"நாங்க ஆஸ்பத்திரில பொம்பளைங்களுக்குத்தாண்ணா சொல்றோம்" என்றேன். "ஆம்பளைங்க யாரும் வர்றதில்ல."

"எப்டி வருவாங்க? நீங்க திறக்கறப்ப தூங்கிக்கினு இருப்போம். மூடறப்ப வேலைல இருப்போம்." கொட்டாவி விட்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார், அம்மாவின் அதே பார்வை. "மதியம் ரெண்டு மணிக்கு எங்க கம்பெனி கேட்டாண்ட வா. ஒரு ஷிப்ட் இறங்கும், ஒரு ஷிப்ட் ஏறும். எல்லாப் பயலும் அங்கதான் நிப்பானுங்க. வந்து பேசு பாக்கலாம், தில் இருந்தா."

"இன்னாடா பேசற, கல்யாணமாவாத பொண்ணு கிட்ட" என்று அவர் அம்மா அதட்டினார்.

"வர்றேண்ணா" என்றேன்.

சனிக்கிழமை மருமகளுக்கு நாள் வந்தது. திங்கட்கிழமை வீட்டுக்காரரே பைக்கில் கொண்டுவந்து விட்டார். காப்பர் டி போட்டுக்கொள்வது என்று அவளாகவே முடிவெடுத்திருந்தாள். மாமியார் கூட வரவில்லை, ஆனால் சொல்லி அனுப்பியிருந்தார்: "நெஞ்சுக்கு ஏறிச்சின்னா அந்தப் பொண்ணத்தான் கேப்பேன்." டாக்டரம்மா பத்து நிமிடத்தில் போட்டுவிட்டு வந்தார். அவள் படுக்கையிலிருந்து எழுந்து, "அவ்ளோதானாக்கா?" என்றாள். இனி எந்த ஷிப்ட்டாக இருந்தாலும் அவளுக்குக் கவலை இல்லை.

போவதற்கு முன்னால் அவளிடம் ஒன்று கேட்டேன். "உங்க ஊட்ல ஷிப்ட் எப்டி மாறினாலும் மாறாத வேலை ஏதாவது கீதா? தெனம், ஒரு நாள் விடாம?"

கொஞ்சம் யோசித்தாள். "காலைல பால் பாக்கெட் வெட்றதுக்கா. அவரு வந்தாலும் வராட்டியும் புள்ளைங்களுக்குப் பால் காய்ச்சியே ஆவணும்."

புது சார்ட்டில் இருபத்தெட்டு வட்டங்களுக்கு மேலே மூலை வெட்டிய ஒரு பால் பாக்கெட்டை வரைந்தேன். அவ்வளவு அழகாக வரவில்லை, தலையணை மாதிரி இருக்கிறது என்றார் சிஸ்டர். பரவாயில்லை. ஒவ்வொரு பெண்ணிடமும் முதலில் ஷிப்ட் கேட்கிறேன். பிறகு ஏன் ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்கிறேன். அதன் பிறகுதான் சார்ட்டை விரிக்கிறேன். பால் காய்ச்சாத வீடு என்றால், அவர்கள் வீட்டில் மாறாத வேலை எது என்று அவர்களையே சொல்லச் சொல்கிறேன்.

பதினைந்து நாள் கழித்து மாமியார் சுகர் மாத்திரை வாங்க வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, நான் பேசுவதை முழுக்கக் கேட்டார். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டி, "உனக்கு மாப்ள பாத்தாங்கன்னா, மொதல்ல இன்னா ஷிப்ட்டுன்னு கேட்டுக்கோ" என்றார். இந்த முறை பதிலுக்கு சிஸ்டரை எதிர்பார்க்கவில்லை. "நைட் ஷிப்ட்னா உங்களையே துணைக்குக் கூப்புட்டுக்கறேம்மா" என்றேன்.

கம்பெனிக்கு நானே என் கையால் கடிதம் எழுதினேன். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். முதல் தடவை செக்யூரிட்டி கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். இரண்டாவது தடவை கடிதத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது தடவை மேனேஜர் வெளியே வந்து, "பொம்பளப் புள்ள நீ, இந்த ஆளுங்க கிண்டல் பண்ணுவாங்கம்மா" என்றார். பண்ணட்டும் சார் என்றேன். கேட்டுக்கு உள்ளே கூடாது, வெளியே பஸ் நிற்கும் மரத்தடியில் பத்து நிமிடம் என்று அனுமதி கொடுத்தார்.

அன்று காலை நாஷ்டா சாப்பிடும்போது நைனாவிடம் சொன்னேன், இன்றைக்கு ஆண்களுக்குப் பேசப் போகிறேன் என்று. துண்டை எடுத்து உதறினார். மாட்டைப் பார்க்கப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. "குரலு சத்தமா இருக்கட்டும்" என்றார், "லாரி போற ரோடு அது."

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. கேட்டைத் திறந்தார்கள். இரும்புத் தூள் படிந்த சட்டைகள் வெளியே வந்தன, துவைத்த சட்டைகள் உள்ளே போகக் காத்திருந்தன. மரத்தில் சார்ட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். யாரோ விசில் அடித்தார்கள். "இன்னா மேடம், பால் பூத்தா?" என்றது ஒரு குரல். கூட்டத்தின் ஓரத்தில் அவள் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், இப்போது பார்ப்போம் என்கிற மாதிரி. ஒரு லாரி கடந்து போகும்வரை காத்திருந்தேன். பிறகு குரலை உயர்த்தி முதல் கேள்வியைக் கேட்டேன்.

"வணக்கம்ணா. அடுத்த வாரம் நைட் ஷிப்ட் யார் யாருக்கு? கையத் தூக்குங்க."